திருமலையில் இருந்துகொண்டு வில்வித்தை தொடங்கலாமா? (39 வயது, முன்அனுபவம் இல்லை)

உவர்மலைத்தென்றல் (ஆனி முதல் வாரம்)

வணக்கம். நெடுநாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். வயது 39. அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை, நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால்தான். மகளுக்கு 12 வயது.

சித்திரை விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு ஒரு கடற்கரை விடுதிக்குப் போயிருந்தோம். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு வில்லும் வைக்கோல் இலக்கும் வைத்திருந்தார்கள். மகளுக்காக வரிசையில் நின்ற நான் கடைசியில் பன்னிரண்டு அம்பு எய்துவிட்டேன். ஒன்பது மண்ணில் விழுந்தன, இரண்டு இலக்கின் ஓரத்தில். ஒன்றே ஒன்று நடு மஞ்சளுக்குப் பக்கத்துச் சிவப்பு வளையத்தில் போய்க் குத்தியது. அந்த அம்பை விடுவதற்கு முந்தின இரண்டு மூன்று வினாடி என் தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. வீட்டிலும் வேலையிலும் எந்நேரமும் எதையாவது கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிற தலை அது. இரண்டு மாதமாகியும் அந்த அமைதி மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது கேள்வி. திருமலையில் இதற்கென்று கழகம், பயிற்றுநர் என்று யாரையும் நான் கண்டதில்லை. தனியாகத் தொடங்கலாமா? இந்த வயதில் தொடங்கிப் பயன் உண்டா? முதலில் எந்த வில்லை வாங்குவது? மகளுக்கு வாங்கிய ஓர்கன் அலமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடப்பதால் வீட்டுக்காரர் யோசிக்கிறார். அவர் யோசிப்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் கேட்கிறேன்.

---

நாணொலி

தங்கச்சி, நான் பிறந்தது பாலையூற்றில், இப்போது இருப்பது ரொறன்ரோவில். இங்கே ஒரு கழகத்தில் ஆறு வருடமாக ரிகேர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த, ஒலிம்பிக்கில் பாவிக்கிற வகை) எய்கிறேன். தொடங்கியபோது எனக்கு 44 வயது. ஆகவே வயதைப் பற்றிய கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: எதையும் வாங்காதீர்கள். குறைந்தது மூன்று நான்கு தடவை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, வேறொருவரின் வில்லில் எய்துவிட்டு வாருங்கள். முதல் வில்லை அவசரப்பட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் செய்கிற பிழை ஒன்றுதான். பாரம் கூடின வில்லை, அதாவது நாணை இழுக்கக் கூடுதல் பலம் வேண்டிய வில்லை, வாங்கிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். 36 இறாத்தல் வில். கடையில் நின்று ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சுகமாக இருந்தது. அறுபது தடவை இழுத்த பிறகு கை நடுங்கியது, நாணை முகத்துக்குக் கொண்டுவர முதுகை வளைத்தேன், அந்த வளைவு பழக்கமாகிவிட்டது. அதை மாற்ற ஒன்றரை வருடம் போனது.

வில்லில் எழுதியிருக்கிற இறாத்தல் 28 அங்குலம் இழுக்கும்போது வருகிற கணக்கு. எல்லோரும் அவ்வளவு இழுப்பதில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். உங்கள் இழுப்பு நீளம் கிட்டத்தட்ட அதுதான். 62 அங்குலம் வந்தால் இழுப்பு ஏறக்குறைய 25 அங்குலம். ஒவ்வொரு அங்குலம் குறைய இரண்டு இறாத்தல் அளவு குறையும். அதனால் 20 என்று எழுதிய வில் உங்கள் கையில் 14, 15 இறாத்தல்தான். தொடங்குகிறவருக்கு அது போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒழுங்கான கழகங்களில் பெரிய உடம்புக்காரர்களுக்கும் முதல் மாதம் அதைத்தான் கொடுப்பார்கள்.

---

சீனக்குடா_82

வில்லை விடுங்கள். எங்கே எய்யப் போகிறீர்கள்? எனக்கு அதுதான் முதல் கேள்வி.

தொடக்கக்காரரின் மெல்லிய வில்லிலிருந்தும் மேலே தூக்கி விட்ட அம்பு 100 மீற்றரைத் தாண்டும். இலக்கில் படாத அம்பு எங்கே போய் நிற்கும் என்று தெரியாத இடத்தில் நாணைத் தொடவே கூடாது.

உப்புவெளிக் கடற்கரை என்று யாராவது சொல்லுவார்கள். விடியற்காலையில் வெறுமையாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் அந்த நேரத்தில்தான் கரைவலை இழுக்கிறவர்கள் வருவார்கள், நடக்கிற வெள்ளைக்காரரும் வருவார்கள். கோட்டைப் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் ஒரு புறம், புள்ளிமான்கள் ஒரு புறம். நகரத்துக்குள்ளேயே மான் சுற்றித் திரிகிற ஊர் நம்முடையது. ஒரு மான் இலக்குக்குப் பின்னால் எந்த நேரத்தில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? மெக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் பந்து விளையாடுகிற பிள்ளைகளை விலக்கிவிட்டு ஒருவருக்காக இடம் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

அப்புறம் இன்னொன்று. நம்முடைய ஊரில் நீளமான பையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டொக்யார்ட் வீதியால் நடந்தால் என்ன ஏது என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. எங்கே எய்வது என்று முடிவானதும் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள். கிராம சேவகரிடமும் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வில் வருவிப்பதென்றால் காசு கட்டுவதற்கு முன்னால் சுங்கத்தில் கேட்டு எழுத்தில் பதில் எடுங்கள். என் வயதுக்காரருக்கு இந்த யோசனையெல்லாம் தானாக வரும். இளம் ஆட்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

---

பிசியோ_அக்கா

நாள் முழுக்கக் கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். தோளில், கழுத்தில் வலி இருந்ததா? கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள் உயரத்துக்குக் கிட்ட பிடிக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் "தொடங்குங்கள்" என்று சொல்ல என்னால் முடியாது.

---

உவர்மலைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

பிசியோ அக்கா, போன வருடம் வலது தோளில் நான்கு மாதம் வலி இருந்தது. தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. மருந்தும் பயிற்சியுமாக இப்போது சரி, ஆனால் கனமான பையைத் தூக்கினால் அன்றிரவு தெரியும்.

நாணொலி அண்ணா சொன்னபடி அளந்தேன். 61 அங்குலம். வகுத்தால் 24 சொச்சம்.

இன்னொரு விஷயம். மகள் எங்கேயோ பார்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை வைத்து, அதற்குள்ளால் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னாள். இடக்கண்ணை மூடினால் மணிக்கூடு மறைகிறது. வலக்கண்ணை மூடினால் அப்படியே இருக்கிறது. நான் வலக்கைக்காரி. இது பிரச்சினையா?

---

பிசியோ_அக்கா

முதலில் தோள். தோள் மூட்டைச் சுற்றி நான்கு சிறு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அவற்றின் தசைநாண் அழற்சியாக இருக்கலாம். பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன், வைத்தியம் செய்தவரிடம் ஒரு தடவை காட்டிக் கேளுங்கள்.

வில்லை இழுப்பது கையின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரியாக இழுத்தால் பாரத்தை முதுகுதான் எடுக்கும், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உள்ள தசைகள். பிழையாக இழுத்தால் தோள் காதுப் பக்கம் ஏறி, முழுப் பாரமும் அந்த நான்கு சிறு தசைகளில் விழும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, வாரத்துக்கு மூன்று நாள் என்றால் கணக்கைப் பாருங்கள்.

2021இல் டோக்கியோவில் கொரிய ஆண்கள் அணி தங்கம் வென்றபோது அந்த அணியில் இருந்த ஓ ஜின்-ஹெக்கிற்கு உங்கள் வயதுதான், 39. தோள் காயத்தோடுதான் எய்தார். இதை நம்பிக்கை தருகிற கதையாக எல்லோரும் பகிர்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். 39 வயதில் உலகத்திலேயே சிறந்த அணியில் நிற்கலாம், உண்மை. சின்ன வயதிலிருந்து ஒழுங்காகப் பழகியவருக்கே தோள் அந்த நிலைக்கு வந்தது, அதுவும் உண்மை.

எட்டு வாரம் எனக்குத் தாருங்கள். றப்பர் பட்டி ஒன்று வாங்குங்கள், பிசியோ செய்கிற இடங்களில் இருக்கும் மெல்லிய வகை. கண்ணாடிக்கு முன்னால் நின்று வில் இழுப்பதுபோல் இழுத்து, ஐந்து வினாடி பிடித்து, மெதுவாக விடுங்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து. தோள் மேலே ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஏறினால் நிறுத்துங்கள். எட்டு வாரத்தில் இரவு வலி வராவிட்டால் நானே உங்களை அனுப்பி வைக்கிறேன்.

---

கொழும்பில்_இருப்பவன்

கண் விஷயத்துக்கு என் கருத்து. இடக்கண் ஆதிக்கம் என்றால் இடக்கை வில்லில் தொடங்குங்கள். அதாவது வலக்கையில் வில், இடக்கையால் நாண். பழகாத வேலை என்பதால் இரண்டு கைக்கும் அது புதிது. ஏற்கெனவே பல வருடம் வலக்கையில் எய்தவருக்கு மாறுவது கஷ்டம், உங்களுக்கு மாற எதுவுமே இல்லை. பன்னிரண்டு அம்புதானே எய்திருக்கிறீர்கள்.

---

நாணொலி

தம்பி சொல்வதை நான் அப்படியே ஒத்துக்கொள்ளமாட்டேன். வலக்கைக்காரருக்கு நாணை விடுகிற விரல்களில் ஒரு நுணுக்கம் இருக்கும், அது இடக்கையில் வரச் சுணங்கும். இடக்கண்ணை மூடிக்கொண்டோ, கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டோ வலக்கையில் நன்றாக எய்கிறவர்கள் எங்கள் கழகத்திலேயே மூன்று பேர். இடக்கை வில் கிடைப்பதும் கஷ்டம், பிறகு விற்பதும் கஷ்டம்.

---

கொழும்பில்_இருப்பவன்

அண்ணா, விற்பது கஷ்டம் என்பது சரி. ஆனால் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றால் முகமும் கழுத்தும் இறுகும். அக்கா தேடி வந்தது அந்த இரண்டு வினாடி அமைதியை. முகத்தை இறுக்கிக்கொண்டு அது வருமா? அதோடு அவருக்கு நொந்தது வலது தோள். இடக்கையால் இழுத்தால் அந்தத் தோளுக்கு இழுக்கிற வேலை இல்லை.

---

பிசியோ_அக்கா

இழுக்கிற வேலை இல்லை, ஆனால் தள்ளுகிற வேலை இருக்கிறது. வில் பிடிக்கிற தோளும் அதே பாரத்தைத் தாங்கும். அசையாமல் தாங்குவதால் சிலருக்கு அது இலகு, சிலருக்கு அதுதான் வலி. இரண்டையும் மெல்லிய வில்லில் முயன்று பார்த்துத்தான் சொல்லலாம். எழுதி எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

---

நாணொலி

ஒத்துக்கொள்கிறேன். முயன்று பார்க்கட்டும். தம்பி, முகம் இறுகுவது பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்தே பார்த்ததில்லை.

---

லிங்கநகர்_வாசி

எல்லோரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

பயிற்றுநர் இல்லாமல் பழகுகிற விளையாட்டு பாதியில் நின்றுவிடும். நான் பன்னிரண்டு வருடம் பூப்பந்து விளையாடியவன். என்னை நிறுத்தாமல் வைத்திருந்தது ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கிற கூட்டாளிதான். வில் தனிமையான விளையாட்டு. மழைக்காலம் மூன்று மாதம், கச்சான் காற்று மூன்று மாதம், மிச்சமிருக்கிற மாதங்களில் பிள்ளையின் பரீட்சை, கோயில் திருவிழா, ஊர் நல்லது கெட்டது. தனியாக ஒரு காணியில் நின்று வைக்கோலுக்கு எய்துகொண்டிருப்பதற்கு எத்தனை நாள் மனம் வரும்? உடம்புக்கும் மனதுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் நீந்தப் பழகுங்கள், கடல் வாசலிலேயே இருக்கிறது.

---

நாணொலி

லிங்கநகர் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. தனியாகப் பழகினால் பிழையும் சேர்ந்து பழகும்.

2024இல் பாரிஸில் சாட் நாட்டிலிருந்து இஸ்ரேல் மடாயே என்று ஒருவர் வந்தார். வசதியில்லாத நாட்டில் பெரும்பாலும் தானாகப் பழகியவர். முதல் சுற்றிலேயே கொரியாவின் கிம் வூ-ஜின் எதிரில். மடாயேயின் ஓர் அம்பு ஒரு புள்ளி வளையத்தில் போய்க் குத்தியது. கைதேர்ந்த ஆட்கள் பத்தும் ஒன்பதுமாக எய்கிற இடத்தில் ஒன்று. உலகமே பார்த்தது. அதே கிம் வூ-ஜின் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் பிராடி எலிசனோடு சமநிலைக்கு வந்து, கடைசி ஒற்றை அம்பில் இருவரும் பத்து எய்து, தன் அம்பு எலிசனுடையதைவிட நடுப்புள்ளிக்கு 5 மில்லிமீற்றர் அளவு கிட்டவாக இருந்ததால் தங்கம் எடுத்தார். 70 மீற்றர் தூரத்திலிருந்து.

கிம்முக்குப் பின்னால் ஒரு பெரிய அமைப்பு நிற்கிறது, மடாயேக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. கொரியப் பெண்கள் அணி 1988 முதல் 2024 வரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்திருக்கிறது, பத்துத் தடவை. பாடசாலையிலேயே பயிற்றுநர் இருப்பதால்தான் அது. ஆனாலும் தங்கச்சி, மடாயே அந்த ஒன்றுக்குப் பிறகும் அடுத்த அம்பை எடுத்து நாணில் வைத்தார். எனக்கு அந்தப் போட்டியில் இப்போதும் கண்ணில் நிற்பது அதுதான்.

உங்களுக்கு ஒலிம்பிக் வேண்டாம். பத்து மீற்றரில் ஒழுங்காக நிற்கத் தெரிந்தால் போதும். அதற்குத் தேவை முதல் நான்கு நாள் ஒருவர் பக்கத்தில் இருப்பதும், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை காணொளி எடுத்து யாருக்காவது அனுப்புவதும். எனக்கு அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்.

---

மூதூர்ப்பிள்ளை

இதை வாசிக்கும்போது அம்மம்மா ஞாபகம். எங்கள் பக்கம், மூதூரிலிருந்து வெருகல், வாகரை வரைக்கும், கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்தான் பேச்சு, கடலும் காடும்தான் சீவியம். அம்மம்மாவின் தகப்பனிடம் ஒரு வில் இருந்ததாம், மரக்கொப்பில் தானே செய்தது. அம்மம்மா சொல்லுவார், "அப்பு வில்லை எடுத்தால் கதைக்கமாட்டார்." அவ்வளவுதான் எனக்கு மிஞ்சியிருக்கிற கதை. வில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

அக்கா எழுதிய அந்த இரண்டு வினாடி அமைதியும் அப்புவின் பேச்சில்லாமையும் ஒன்றாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். வில்வித்தை நமக்குப் புதிசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் விட்டுப்போன ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் வேட்டை என்ற பேச்சுக்கு யாரும் வரவேண்டாம். மானுக்கு எய்வது இன்றைக்குச் சட்டப்படி குற்றம்.

---

தம்பலகாமத்தான்

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை. தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன்.

இடம் பற்றிச் சீனக்குடா ஐயா கேட்டார். முதலில் எங்கள் குளக்கட்டு நினைவுக்கு வந்தது. இலக்குக்குப் பின்னால் பத்தடி மண். பிறகு யோசித்தேன், கட்டுக்கு மேலால்தான் பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். அதனால் வேண்டாம்.

ஆனால் எங்களிடம் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியம் இருக்கிறது. நீளம் 80 அடி, அகலம் 30. தகரக் கூரை, மூன்று பக்கமும் கல்சுவர். பத்து வருடமாக உரமூடையும் உடைந்த உழவு மெஷினும்தான் கிடக்கிறது. அது உதவுமா? சிறுபோகம் வெட்டினால் ஆவணி, புரட்டாதியில் வைக்கோல் எவ்வளவும் தரலாம். எனக்கும் ஒரு பையன் இருக்கிறான், 15 வயது, போனை விட்டு எழும்புவதில்லை.

---

நாணொலி

அண்ணை, 80 அடியா? உள்ளரங்கப் போட்டிக்கான தூரமே 18 மீற்றர்தான், 59 அடி. இலக்குக்குப் பின்னாலும் எய்கிறவருக்குப் பின்னாலும் இடம் மிச்சம் வரும். மழையும் இல்லை, காற்றும் இல்லை, மானும் இல்லை. ரொறன்ரோவில் நாங்கள் எய்கிற இடம் இதைவிடச் சின்னது.

சில விஷயம் மட்டும் முன்னரே செய்யுங்கள். கல்சுவரில் பட்ட அம்பு திரும்பி வரும். அதனால் இலக்குக்குப் பின்னால் பழைய தடித்த கம்பளத்தை மேலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் அம்பு துளைத்துக்கொண்டு போகும், தளர்வாக விட்டால் துணி பின்னால் அசைந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். பக்கக் கதவு இருந்தால் எய்கிற நேரம் உள்பக்கமாகத் தாழ்ப்பாள். வைக்கோலைச் சும்மா கட்டினால் போதாது, பலகை வைத்து நெருக்கி, கயிற்றால் நான்கு இடத்தில் முறுக்கிக் கட்ட வேண்டும். விரல் நுழையாத அளவுக்கு.

விசில் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒரே வழக்கம்: இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் எல்லோரும் சேர்ந்து போய் அம்பு எடுக்கலாம். தொடர்ந்து ஊதினால் உடனே நிறுத்த வேண்டும், நாணில் இருக்கிற அம்பையும் கழற்ற வேண்டும். மூன்று பேர் எய்தாலும் இதை விடக்கூடாது. அம்பு எடுக்க ஓடவும் கூடாது. இலக்கில் குத்தி நிற்கிற அம்பின் வால் கண் உயரத்தில்தான் இருக்கும். பிடுங்குகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

---

மூதூர்ப்பிள்ளை

களஞ்சியத்துக்கு வந்து பார்க்க எனக்கும் ஆசை. மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக வந்தால் தம்பலகாமம் எனக்குத் திருமலையைவிடக் கிட்ட.

---

உவர்மலைத்தென்றல் (ஐப்பசி)

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். நடந்ததை எழுதாமல் விடுவது சரியில்லை.

றப்பர் பட்டிப் பயிற்சியை எட்டு வாரம் விடாமல் செய்தேன். முதல் பத்து நாள் கண்ணாடியில் பார்த்தபோது தோள் ஒவ்வொரு தடவையும் காதைத் தேடிப் போனது. பட்டியைக் குறைத்துப் பிடித்தேன். ஐந்தாவது வாரம் முதுகின் நடுவில் இதுவரை தெரியாத ஓர் இடத்தில் இதமான உளைவு வந்தது. பிசியோ அக்கா சொன்ன தசை அதுதான் என்று அப்போது விளங்கியது. இரவு வலி வரவில்லை.

ஆவணியில் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஒன்பது நாள் நின்றோம். கொழும்பில்_இருப்பவன் தம்பி எனக்குத் தனியாக எழுதிச் சொன்ன வில்வித்தைக் கழகத்தில் நானும் மகளும் நான்கு நாள் பழகினோம். முதல் நாள் வலக்கையில் எய்தேன். இடக்கண்ணை மூடி மூடி இரண்டு மணித்தியாலத்தில் தலை இடித்தது. இரண்டாம் நாள் பயிற்றுநர் இடக்கை வில் ஒன்றைத் தந்தார், 16 இறாத்தல். நாணை விடத் தெரியவில்லை, முழங்கைக்குக் கீழே இரண்டு தடவை நாண் அடித்து நீலமாகிவிட்டது. முழங்கையைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார், அதோடு அடி நின்றது. மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் திறந்தபடி. நாணொலி அண்ணா, உங்கள் கழகத்து மூவரைப்போல என்னால் முடியவில்லை. எனக்கு இடக்கைதான்.

நான்காம் நாள் இலக்குத் தாளையே கழற்றிவிட்டார். ஐந்து மீற்றரில் வெறும் வைக்கோலுக்கு நாற்பது அம்பு. முதலில் சப்பென்று இருந்தது. பார்க்கப் புள்ளி இல்லை, கூட்ட எண் இல்லை. இருபதாவது அம்புக்குப் பிறகு நாண் மூக்கு நுனியில் படுகிறதா, கை தாடைக்கு அடியில் அதே இடத்துக்கு வருகிறதா என்பது மட்டும்தான் இருந்தது. சித்திரையில் தற்செயலாக ஒரு தடவை கிடைத்த அமைதி அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வந்தது. எந்த அம்பு எங்கே போனது என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

மகளுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது. அவளுக்கு வலைப்பந்துதான் பிடித்திருக்கிறது, கூட்டமாக ஓடியாட வேண்டும். அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓர்கன் விஷயத்தில் நான் செய்த பிழை, பிள்ளைக்கு ஆசை என்று என் ஆசையை வாங்கினது. இந்தத் தடவை இது என் ஆசை என்று வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் வாங்கு" என்றார்.

லிங்கநகர் அண்ணா, நீங்கள் எழுதியதைத்தான் அதிகம் யோசித்தேன். வாசலில் வந்து ஹோர்ன் அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பது உண்மை. போன ஞாயிறு தம்பலகாமத்து அண்ணை வீட்டுக்குப் போனோம். மூதூர்ப்பிள்ளையும் வந்திருந்தார். உரமூடையை ஒரு பக்கம் ஒதுக்கி, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தோம். அண்ணையின் மகன் நாள் முழுக்கக் கூட நின்று தூக்கினான். சீனக்குடா ஐயா சொன்னபடி பொலிஸிலும் கிராம சேவகரிடமும் அண்ணையே போய்ச் சொல்லிவிட்டார்.

இப்போதைக்கு முடிவு: தொடங்குகிறேன். மூன்று குடும்பமாகச் சேர்ந்து இரண்டு வில், கழற்றிப் பூட்டுகிற மரவகை, ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை. தைப்பொங்கலுக்குப் பிறகுதான் வாங்குவோம்.

---

நாணொலி

வாசித்து முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. தொடக்கக்கார மரவில் இங்கே 100 முதல் 150 அமெரிக்க டொலருக்குள் வரும். வில்லின் கைகளை (நடுப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு துண்டுகளை) மட்டும் பிறகு மாற்றக்கூடியதாகப் பாருங்கள், பாரம் கூட்டும்போது முழு வில்லையும் மாற்ற வேண்டியதில்லை. அம்பு உங்கள் இழுப்பைவிட இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். குட்டையான அம்பு வில்லுக்கு உள்ளே வந்துவிட்டால் கையைத் துளைக்கும். காபன் அம்பை எய்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மெதுவாக வளைத்து, கீறல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். நாண் பூட்ட அதற்கென்று உள்ள கயிற்றைப் பாவியுங்கள், காலுக்குள் கொடுத்து வளைக்க வேண்டாம், வில்லின் கைகள் முறுகிவிடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் வெடித்துவிடும். அண்ணையின் மகனுக்கு இதை முதலில் சொல்லுங்கள், அந்த வயதில் எல்லோரும் செய்வார்கள். வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் வில்லை விட்டு வைக்காதீர்கள், நம்முடைய ஊர்ச் சூட்டில் ஒட்டுப் பிரிந்துவிடும்.

மார்கழி கடைசியில் ஊருக்கு வருகிறேன், மூன்று கிழமை நிற்பேன். வில்லை நான் வரும்போது கொண்டுவரலாமா என்று சுங்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்.

---

லிங்கநகர்_வாசி

தங்கச்சி, ஞாயிறு காலையில் தம்பலகாமம் போகிற நாட்களில் என் வானில் இடம் இருக்கிறது. எனக்கு வில் வேண்டாம். ஆறு மணிக்கு உவர்மலைச் சந்தியில் ஹோர்ன் அடிக்கிறேன்.

---

தம்பலகாமத்தான்

வைக்கோல் பதினான்கு கட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். மாரி தொடங்கமுன் பலகைக்கு மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டுவிடுகிறேன். கூரையில் இரண்டு தகரம் ஒழுகுகிறது, அதை இந்தக் கிழமை மாற்ற வேண்டும். எலி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.